கப்பல் நின்ற பிறகும் விசா காலாவதியாகும்!

நீலகிரியில் கோத்தகிரி, கூடலூர், பந்தலூர், சேரம்பாடி பக்கம் போனவர்களுக்கு ‘சிலோன்காரங்க’ என்ற சொல் பழக்கமாக இருக்கும். டீத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர்களில், மளிகைக் கடை வைத்திருப்பவர்களில், ஜீப் ஓட்டுபவர்களில் பலர் அந்த வகை. இவர்கள் எல்லோரும் இந்தியக் குடிமக்கள். ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை எல்லாம் உண்டு. ஆனாலும் ஊரார் வாயில் இன்னமும் சிலோன்காரர்தான்.

இவர்கள் எப்படி இங்கே வந்தார்கள் என்று கேட்டால் "சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம்" என்று ஒற்றை வரியில் பதில் வரும். போட்டித் தேர்வுக்கு அது போதும். அந்த ஒப்பந்தத்துக்குள் ஒரு விசா இருந்தது, அந்த விசாவுக்குள் ஒரு நிபந்தனை இருந்தது என்பது பலருக்கும் தெரியாது. "இதற்கு மேல் இங்கே தங்கக்கூடாது" என்பதே அந்த நிபந்தனை.

இப்படி ஒரு நிபந்தனையை ஒரு நாடு விதிக்கலாமா? தாராளமாக விதிக்கலாம். யார் வரலாம், எத்தனை நாள் தங்கலாம் என்று முடிவு செய்ய எந்த நாட்டுக்கும் உரிமை உண்டு. இங்கே கேட்க வேண்டியது வேறு. அந்த நிபந்தனையை நிறைவேற்றவே முடியாமல் போனால் என்ன செய்வது? "எனக்கு இதிலிருந்து விலக்கு வேண்டும்" என்று கேட்க ஒரு கதவு இருக்கிறதா? நீலகிரிக்கு வந்தவர்களின் கதையும், வர முடியாமல் போன அவர்களது உறவினர்களின் கதையும் இந்தக் கேள்விக்கு நல்ல பாடம்.

பிறந்த ஊரில் தங்க ஒரு விசா

முதலில் கொஞ்சம் பின்னணி. 1948இல் இலங்கை சுதந்திரம் பெற்ற கையோடு அந்த ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தது. மலையகத் தோட்டங்களில் தலைமுறைகளாக வேலை செய்த இந்திய வம்சாவளித் தமிழர்களில் பெரும்பாலோர் அதனால் நாடற்றவர் ஆனார்கள்.

1964 அக்டோபர் 30 அன்று இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். கணக்கு இதுதான்: மொத்தம் 9,75,000 பேர். அதில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும். 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுக்கும். மீதி 1,50,000 பேரைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம். அந்த ‘அப்புறம்’ 1974இல் வந்தது. இந்திரா காந்தியும் சிறிமாவோவும் ஆளுக்கு 75,000 என்று சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள்.

பேலன்ஸ் ஷீட் கச்சிதமாக டேலி ஆகிவிட்டது. அந்தக் கணக்கில் இருந்த மனிதர்களை மட்டும் யாரும் கேட்கவில்லை. தோட்டத் தொழிலாளர் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான் இந்த ஒப்பந்தத்தை எதிர்த்ததற்கு அதுவும் ஒரு காரணம். பிறகு விண்ணப்பம் வாங்கியபோது, இந்தியா வர விரும்பியவர்கள் ஒதுக்கீட்டை விடக் குறைவாகவும், இலங்கையில் இருக்க விரும்பியவர்கள் ஒதுக்கீட்டை விட அதிகமாகவும் இருந்தார்கள்.

இந்த ஒப்பந்தத்தில் ஒரு விசித்திரமான பிரிவு உண்டு. இந்தியா போக வேண்டியவர்கள், போகும் நாள் வரை இலங்கையில் தங்கியிருக்க அவர்களுக்கு இலவச விசா தர வேண்டும். வேலையில் இருப்பவர்கள், திருப்பி அனுப்பப்படும் நாள் வரையோ 55 வயது வரையோ, எது முந்தியதோ அதுவரை வேலை பார்க்கலாம். ஒரு குடும்பம் கொண்டுபோகக்கூடிய சொத்தின் உச்ச வரம்பை 4,000 ரூபாய்க்குக் கீழே குறைக்கக் கூடாது.

யோசித்துப் பாருங்கள். நுவரெலியாவிலோ அட்டனிலோ பிறந்த ஒருவர். அவருடைய அப்பாவும் அங்கேயே பிறந்தவர். ஒரு நாள் அவர் கையில் இந்திய பாஸ்போர்ட் வருகிறது. அதற்குப் பிறகு, தான் பிறந்த லயத்தில் தூங்குவதற்கு அவருக்கு விசா வேண்டும்! விசா முடிந்தால் கிளம்ப வேண்டும். கண்டியில் இருந்த இந்திய உதவித் தூதரகத்தில் பதிவு செய்து, குடும்ப அட்டை வாங்கி, தலைமன்னார் வரை ரயிலில் வந்து, கப்பல் ஏறி, மண்டபம் முகாமில் இறங்க வேண்டும். அந்த ரயிலுக்கு மலையகத்தில் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்று பெயர். பெயரே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது.

அப்படி வந்தவர்கள் நாலரை லட்சத்துக்கும் மேல். அவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகவே தமிழக அரசு 1968இல் வனத்துறை மூலம் நீலகிரியில் தேயிலைத் தோட்டம் போட ஆரம்பித்தது. அதுவே 1976 முதல் தனிக் கழகமாக இயங்கும் டான்டீ. தலைமை அலுவலகம் குன்னூரில் இருக்கிறது. எல்லோருக்கும் அங்கே வேலை கிடைக்கவில்லை. வியாபாரக் கடன் கொடுத்துச் சமவெளி மாவட்டங்களுக்கு அனுப்பப்பட்ட பலர், வியாபாரம் தெரியாமல் முதலைத் தொலைத்துவிட்டு, தெரிந்த ஒரே தொழிலான தேயிலையைத் தேடித் தாங்களாகவே மலை ஏறினார்கள்.

கப்பல் நின்றது

இனிதான் விஷயம். 1983 ஜூலையில் இலங்கையில் இனக்கலவரம். அடுத்து போர். 1984இல் தலைமன்னார் – ராமேஸ்வரம் கப்பல் போக்குவரத்து நின்றுபோனது.

அந்த நேரத்தில் இந்தியக் குடியுரிமை கிடைத்து, பாஸ்போர்ட்டும் வாங்கி, கிளம்பக் காத்திருந்த பல்லாயிரக்கணக்கான குடும்பங்கள் மலையகத்தில் இருந்தன. அவர்களது விசாவில் தேதி இருந்தது. போவதற்குக் கப்பல் இல்லை. தேதி கடந்துபோனது. சட்டப்படி பார்த்தால் அவர்கள் விசா முடிந்தும் வெளியேறாத அந்நியர்கள். நிஜத்தில் பார்த்தால் பிறந்த வீட்டில் உட்கார்ந்திருந்தவர்கள்.

பி.காம். படிப்பவர்கள் வணிகச் சட்டம் தாளில் ஒரு பிரிவைக் கட்டாயம் படித்திருப்பார்கள். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 56. ஒப்பந்தம் போட்ட பிறகு, அதில் சொன்ன காரியம் நிறைவேற்ற முடியாததாக ஆகிவிட்டால், அந்த ஒப்பந்தம் செல்லாது. இதற்கு எல்லாப் பாடப்புத்தகத்திலும் வரும் உதாரணம் 1863ஆம் ஆண்டின் டெய்லர் எதிர் கால்டுவெல் வழக்கு. கச்சேரிக்கு வாடகைக்குப் பேசிய மண்டபம் கச்சேரிக்கு முன்பே தீப்பிடித்து எரிந்துவிட்டது. மண்டபத்தைத் தரவில்லை என்று உரிமையாளரைப் பிடிக்க முடியாது என்றது நீதிமன்றம்.

அதே பாடத்தில் இரண்டு எச்சரிக்கைகளும் உண்டு. ஒன்று, அந்த நிலைமையை நாமே வரவழைத்திருக்கக் கூடாது. இரண்டு, வெறும் கஷ்டமோ நஷ்டமோ போதாது. நிலைமை அடியோடு மாறியிருக்க வேண்டும். விலை ஏறிவிட்டது என்பதெல்லாம் சாக்கு ஆகாது.

விசா என்பது ஒப்பந்தம் இல்லை. அரசு தரும் அனுமதி. எனவே பிரிவு 56ஐ அப்படியே தூக்கி விசாவில் ஒட்ட முடியாது. ஆனால் அதற்குப் பின்னால் இருக்கும் நியாயம் சாதாரண நியாயம்: செய்ய முடியாததைச் செய்யவில்லை என்று ஒருவரைத் தண்டிக்கக் கூடாது. இரண்டு வியாபாரிகளுக்கு நடுவில் சட்டம் காட்டும் இந்தக் கருணையை, ஓர் அரசாங்கம் ஒரு தோட்டத் தொழிலாளிக்குக் காட்ட எவ்வளவு காலம் எடுத்துக்கொண்டது தெரியுமா?

19 வருடம்.

2003இல்தான் இலங்கை நாடாளுமன்றம் இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டத்தை (35ஆம் இலக்கம்) கொண்டுவந்தது. 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசித்தவர்களும் அவர்களது சந்ததியினரும் இலங்கைக் குடிமக்கள் ஆனார்கள். இந்திய பாஸ்போர்ட் வாங்கியும் போகாமல் தங்கிவிட்டவர்கள், "இலங்கைக் குடிமகனாக இருக்க விரும்புகிறேன்" என்று ஓர் உறுதிமொழி எழுதிக் கொடுத்தால் போதும். சட்டம் வந்த பிறகு நடத்திய பத்து நாள் இயக்கத்தில் சுமார் 1,90,000 பேர் குடியுரிமை பெற்றார்கள் என்று ஐ.நா. அகதிகள் ஆணையம் சொல்கிறது.

பத்து நாளில் முடிகிற காரியத்துக்குத்தான் 19 வருடக் காத்திருப்பு. அந்த 19 வருடத்தில் ஒரு குழந்தை பிறந்து, பள்ளிக்கூடம் முடித்து, அடையாள அட்டை இல்லாமல் வேலைக்கு அலைந்திருக்கும்.

இந்தக் கரையில்

இலங்கையைக் குறை சொல்லிவிட்டுக் கடந்துபோக முடியாது. அதே கதையின் மறுபாதி தமிழ்நாட்டில் இன்னும் முடியவில்லை.

1983க்குப் பிறகு படகேறி வந்த அகதிகளில் கணிசமானவர்கள் இதே மலையகத் தமிழர்கள். கலவரங்களுக்குப் பயந்து மலையகத்திலிருந்து வவுனியா, கிளிநொச்சி பக்கம் போய், அங்கே போரில் மாட்டி, கடைசியில் கடல் கடந்தவர்கள். பாஸ்போர்ட்டுடன் கப்பலில் வந்தவர்கள் இறங்கிய அதே மண்டபம் முகாமில்தான் இவர்களும் கொண்டுவந்து சேர்க்கப்பட்டார்கள். 1984க்கு முன் கப்பலில் வந்த அண்ணன் குடும்பம் கோத்தகிரியில் இந்தியக் குடிமக்கள். கப்பல் நின்ற பிறகு படகில் வந்த தம்பி குடும்பம் முகாமில் அகதிகள். ஒரே தாத்தாவின் பேரப்பிள்ளைகள் இப்படி இரண்டாகப் பிரிந்து போகலாம். நடுவில் இருக்கும் வித்தியாசம் ஒரு கப்பல், அவ்வளவுதான்.

2003இல் திருத்தப்பட்டு 2004 டிசம்பர் 3 முதல் நடைமுறைக்கு வந்த இந்தியக் குடியுரிமைச் சட்டம், ‘சட்டவிரோதக் குடியேறி’ யார் என்று வரையறை செய்கிறது. செல்லுபடியாகும் பாஸ்போர்ட் இல்லாமல் வந்தவரும், பாஸ்போர்ட்டோடு வந்து அனுமதித்த காலத்துக்கு மேல் தங்கியவரும் அதில் அடக்கம். அந்த முத்திரை விழுந்தால் பதிவு மூலமாகவும் குடியுரிமை கேட்க முடியாது, இயல்புரிமை மூலமாகவும் கேட்க முடியாது. எத்தனை வருடம் இங்கே வாழ்ந்தாலும் சரி.

1987 ஜூலை 1க்கு முன் இந்தியாவில் பிறந்திருந்தால், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பால் குடியுரிமை உண்டு. அதற்குப் பிறகு பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும் என்று விதி இறுகியது. 2004 டிசம்பருக்குப் பிறகு இன்னும் இறுகியது. இதன் அர்த்தம் என்ன? இன்று முகாமில் இருந்து கல்லூரிக்கு வரும் ஒரு மாணவி, இந்தியாவிலேயே பிறந்து, தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் படித்து, பி.காம். முடித்து, வங்கித் தேர்வுக்கு விண்ணப்பப் படிவத்தைத் திறக்கும்போது ‘குடியுரிமை’ என்ற கட்டத்தில் நின்றுவிடுகிறாள். இலங்கையை அவள் பார்த்ததே இல்லை.

2019 ஜூன் 17 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் ஒரு முக்கியமான தீர்ப்பு கொடுத்தார். இந்திய வம்சாவளித் தமிழர்கள் 65 பேர் தொடுத்த வழக்கு அது. சட்டத்தின் எழுத்துப்படி இவர்கள் சட்டவிரோதக் குடியேறிகளாக இருக்கலாம். ஆனால் இப்படிப்பட்டவர்களுக்கு நிபந்தனையைத் தளர்த்தும் அதிகாரம் மத்திய அரசிடம் உள்ளார்ந்து இருக்கிறது என்றார் நீதிபதி. அவர்கள் மனு கொடுக்க வேண்டும், ஆட்சியர் தாமதமின்றி அனுப்ப வேண்டும், மத்திய அரசு 16 வாரத்துக்குள் முடிவு செய்ய வேண்டும் என்று உத்தரவிட்டார்.

கவனியுங்கள். தளர்வு கேட்கும் கதவு சட்டத்தில் எழுதி வைக்கப்படவில்லை. ஒரு நீதிபதி தேடிக் கண்டுபிடித்துக் காட்ட வேண்டியிருந்தது. வழக்குப் போட முடிந்தவர்களுக்கு அந்தக் கதவு தெரிந்தது. மற்றவர்களுக்கு? முகாம்களில் இருக்கும் அனைவருக்குமான பொது விதியாக அது மாறவில்லை.

முடியாது என்றில்லை

"சட்டம் அப்படி, என்ன செய்ய முடியும்?" என்று சிலர் கேட்கலாம். இதே அரசு மற்ற இடங்களில் செய்ததைப் பார்ப்போம்.

2020இல் கொரோனா. விமானங்கள் நின்றன. இந்தியாவில் மாட்டிக்கொண்ட வெளிநாட்டவரின் விசா முடிந்துகொண்டிருந்தது. உள்துறை அமைச்சகம் என்ன செய்தது? விசாக்களை நீட்டித்தது. கூடுதல் நாள் தங்கியதற்கு அபராதம் இல்லை என்றது. போக்குவரத்து சீராகும் வரை அது தொடர்ந்தது. சரியான முடிவு. விமானம் இல்லாதபோது "ஏன் போகவில்லை" என்று கேட்பது அபத்தம் என்று எல்லோருக்கும் புரிந்தது. 1984இல் கப்பல் நின்றதும் 2020இல் விமானம் நின்றதும் ஒரே மாதிரிப் பிரச்சினைதானே? ஒன்றுக்குச் சில வாரங்களில் தீர்வு, இன்னொன்றுக்கு 19 வருடம். சுற்றுலாப் பயணிக்கும் வியாபாரிக்கும் புரிந்துகொண்ட நியாயம் தேயிலைத் தொழிலாளிக்குப் புரிய ஏன் இத்தனை காலம்?

அடுத்து, 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம். ஆப்கானிஸ்தான், வங்கதேசம், பாகிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து 2014 டிசம்பர் 31க்குள் வந்த ஆறு மதத்தவர்களை ‘சட்டவிரோதக் குடியேறி’ என்ற வரையறையிலிருந்து அது விடுவித்தது. அந்த ஏற்பாடு சரியா தவறா என்பது தனி விவாதம். ஒன்று மட்டும் அதிலிருந்து தெளிவு: நாடாளுமன்றம் நினைத்தால் அந்த முத்திரையை ஒரே வாக்கியத்தில் நீக்கலாம். இலங்கையின் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை.

மூன்றாவது, 2025 செப்டம்பர். புதிய குடிவரவு மற்றும் வெளிநாட்டவர் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது வெளியான விலக்கு ஆணையில், 2015 ஜனவரி 9 வரை இந்தியாவில் தஞ்சம் அடைந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்கள், பாஸ்போர்ட், விசா இல்லாததற்காகத் தண்டிக்கப்பட மாட்டார்கள் என்று வந்தது. நல்ல செய்தி. ஆனால் இது பாதி வழிதான். மூன்று நாட்டவருக்கு இரண்டு படிகள் கொடுக்கப்பட்டன: முதல் படி பாஸ்போர்ட் சட்டத்திலிருந்து விலக்கு, இரண்டாவது படி ‘சட்டவிரோதக் குடியேறி’ முத்திரையிலிருந்து விலக்கு. இலங்கைத் தமிழருக்கு முதல் படி மட்டும் கிடைத்திருக்கிறது. தங்கலாம், ஆனால் குடிமகனாகக் கேட்க முடியாது.

கதவு எப்படி இருக்க வேண்டும்?

ஆஸ்திரேலியாவில் பிள்ளைகள் இருக்கும் பெற்றோர் பலருக்கு 8503 என்ற எண் தெரிந்திருக்கும். விசிட்டர் விசா சிலவற்றில் இந்த நிபந்தனையைப் போடுவார்கள். இது இருந்தால், ஆஸ்திரேலியாவுக்குள் இருந்துகொண்டே வேறு விசா வாங்க முடியாது. பாதுகாப்பு கோரும் விசா மட்டும் விதிவிலக்கு. கறாரான நிபந்தனைதான். ஆஸ்திரேலியா குடிவரவு விஷயத்தில் இளகிய மனம் படைத்த நாடு என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஆனால் அந்த நாட்டில்கூட, அந்த நிபந்தனையிலிருந்து விலக்குக் கேட்பது எப்படி என்று விதியிலேயே எழுதியிருக்கிறார்கள். விசா கொடுத்த பிறகு வலுவான, இரக்கத்துக்குரிய சூழ்நிலை உருவாகியிருக்க வேண்டும். அது அவருடைய கட்டுப்பாட்டில் இல்லாததாக இருக்க வேண்டும். அதனால் அவர் நிலைமையில் பெரிய மாற்றம் வந்திருக்க வேண்டும். எழுத்து மூலம் கேட்க வேண்டும். ஒருமுறை மறுக்கப்பட்டால், புதிதாகச் சொல்லும் காரணம் பழையதிலிருந்து கணிசமாக வேறுபட்டிருக்க வேண்டும்.

பிரிவு 56க்குச் சொன்ன அதே இரண்டு சோதனைகள் இங்கேயும் வருவதைப் பாருங்கள். நாமே வரவழைத்ததாக இருக்கக் கூடாது, நிலைமை அடியோடு மாறியிருக்க வேண்டும். ஊர் பிடித்துவிட்டது, இன்னும் கொஞ்ச நாள் இருக்கிறேன் என்று கேட்டால் கிடைக்காது. கேட்பவர் எல்லோருக்கும் கிடைத்துவிடாது. ஆனால் எதைக் காட்டினால் கிடைக்கும் என்று முன்கூட்டியே தெரியும்.

இதை வைத்துப் பார்த்தால் நமக்கு வேண்டியது பெரிய புரட்சி ஒன்றும் இல்லை:

1. நிபந்தனையைத் தளர்த்தும் அதிகாரம் சட்டத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். அதை நீதிபதி தேடிக் கண்டுபிடிக்கும்படி விடக் கூடாது.

2. எந்த அளவுகோலால் முடிவு செய்வார்கள் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் தளர்வு என்பது சலுகையாகிவிடும். சலுகை எப்போதும் ஆள் தெரிந்தவருக்குத்தான் போகும்.

3. காலக்கெடு வேண்டும். 2019 தீர்ப்பு சொன்ன 16 வாரம் நல்ல அளவு.

4. மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். நிலைமை மாறினால் மறுபடி கேட்க வழி வேண்டும்.

5. போர், கொள்ளைநோய் போல எல்லோருக்கும் பொதுவான காரணம் என்றால், ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கெஞ்ச வேண்டியதில்லை. 2003இல் இலங்கையும் 2020இல் இந்தியாவும் செய்தது போல ஒட்டுமொத்தமாகத் தளர்த்திவிடலாம்.

எதிர்வாதங்கள்

"இப்படித் திறந்துவிட்டால் உலகமே வந்து உட்கார்ந்துகொள்ளும்" என்பது முதல் எதிர்ப்பு. 2025 மே மாதம் ஓர் இலங்கைத் தமிழரின் வழக்கில் உச்ச நீதிமன்றமே, இந்தியா என்ன தர்மசத்திரமா என்ற பொருளில் கேட்டது. ஒரு குற்ற வழக்கில் தண்டனை அனுபவித்தவரின் மனு அது. கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. 140 கோடிக்கு மேல் மக்கள் உள்ள நாடு யாரையும் கணக்கில்லாமல் சேர்த்துக்கொள்ள முடியாதுதான். ஆனால் முகாம்களில் இருக்கும் மலையகத் தமிழர்கள் கணக்கில் வராதவர்கள் இல்லையே! 1964லேயே கணக்குப் போட்டுப் பிரித்துக்கொண்ட ஒரு சமூகத்தின் பிள்ளைகள். முகாமில் பதிவேடு இருக்கிறது, தேதி இருக்கிறது, கைரேகை இருக்கிறது. யார், எப்போது வந்தார்கள் என்று இவ்வளவு துல்லியமாகத் தெரிந்த கூட்டம் வேறு இருக்குமா என்பதே சந்தேகம்.

"இலங்கையில்தான் சட்டம் மாறிவிட்டதே, போர் முடிந்துவிட்டதே, திரும்பிப் போகலாமே" என்பது இரண்டாவது. உண்மைதான். இந்தியாவில் அகதிகளாக இருக்கும் இந்திய வம்சாவளியினருக்கும் குடியுரிமை கிடைக்கும்படி 2009இல் இலங்கை தன் சட்டத்தைத் திருத்தியது. போக விரும்புகிறவர்கள் போகட்டும், அதற்கு எல்லா உதவியும் செய்ய வேண்டும். ஆனால் மலையகத்தில் அவர்களுக்குச் சொந்த நிலம் எதுவும் இருந்ததில்லை. இருந்தது தோட்டத்து லயம், அதில் இப்போது வேறு யாரோ இருப்பார்கள். முகாமில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு அது திரும்பிப் போவது அல்ல, முதல்முறை போவது. 1964இல் ஒரு முறை, கேட்காமலே எண்ணிக்கையாகப் பிரித்தோம். இன்னொரு முறை அதையே செய்யக் கூடாது. போகவா இருக்கவா என்று இந்த முறையாவது அவர்களையே கேட்க வேண்டும்.

மூன்றாவது எதிர்ப்பு கொஞ்சம் நுட்பமானது. "விலக்கு கொடுத்துக்கொண்டே போனால் நிபந்தனைக்கே மதிப்பிருக்காது." அனுபவம் வேறு மாதிரி சொல்கிறது. கதவே இல்லாத சுவரைத்தான் மக்கள் ஏறிக் குதிக்கிறார்கள். விதிமுறைப்படி கேட்க இடமில்லாதபோது புரோக்கரும் போலி ஆவணமும் கள்ளத் தோணியும் வருகின்றன. முகாம்களிலிருந்து உயிரைப் பணயம் வைத்து ஆஸ்திரேலியாவுக்குப் படகேறிய செய்திகளை நாம் மறந்துவிடக் கூடாது.

மலைக்கு வந்தவர்களுக்கு மட்டும்?

நீலகிரிக்கு வந்து சேர்ந்தவர்களின் கதை சுபம் என்று நினைத்தால் அதுவும் இல்லை. டான்டீயில் வேலை இருக்கும்வரை லைன் வீடு. ஓய்வு பெற்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். 55 வயது வரை வேலை, அதுவரை விசா என்று அந்தக் கரையில் ஒரு நிபந்தனை இருந்ததே, அது பெயர் மாறி இந்தக் கரையிலும் காத்திருந்தது. 2022இல் டான்டீயின் ஒரு பகுதி நிலத்தை வனத்துறைக்கே திருப்பிக் கொடுக்க அரசு முடிவெடுத்தபோது பந்தலூர், கூடலூர் பக்கம் அத்தனை பதற்றம் ஏற்பட்டது சும்மா இல்லை. வாழ்நாளில் இரண்டு முறை "காலி பண்ணு" என்று கேட்க யாருக்குத்தான் மனம் வரும்? ஓய்வு பெற்றவர்களுக்கு வீடு கட்டித் தரும் திட்டங்கள் அரசின் தயவாக இல்லாமல் அவர்களின் உரிமையாக நடக்க வேண்டும் என்று சொல்வதற்கும் இதே காரணம் போதும்.

தேதி போட்டு ஒருவரை வெளியேறச் சொல்லும் அதிகாரம் அரசுக்கு வேண்டும், சரி. அந்தத் தேதியில் கப்பல் ஓடுகிறதா என்று பார்க்கும் பொறுப்பும் அதே அரசுக்குத்தான் இருக்கிறது. கப்பல் இல்லை என்றால், "இல்லை" என்று சொல்லி விலக்குக் கேட்கும் மனுவை வாங்கிக்கொள்ள ஒரு கவுண்டர் வேண்டும். அந்தக் கவுண்டருக்கு ஒரு விதி, ஒரு காலக்கெடு, ஒரு பதில் கடிதம். இவ்வளவுதான் கேட்பது.

இலங்கை அதைத் திறக்க 19 வருடம் எடுத்துக்கொண்டது. இந்தியாவில் 1983இலிருந்து எண்ண ஆரம்பித்தால் 40 வருடத்தைத் தாண்டிவிட்டது. எண்ணிக்கொண்டே இருக்கிறோம்.